ஒரு பெடியன்ர காலில துவங்கின கதை: பிரெய்ரியில 5 நாள்

நாள் 1, ஜூன் 27, வின்னிபெக்

விடியப்புறம் ரொறன்ரோவில விமானம் ஏறி இஞ்ச வந்து இறங்கி, வாடகைக் கார் எடுத்து, ஹோட்டல்ல பையைப் போட்டிட்டு இப்பதான் இருந்து எழுதிறன். லீவெண்டால் கியூபா மெக்சிக்கோ எண்டு போகாமல் ஆரும் பிரெய்ரி எண்ட புல்வெளிச் சமவெளிக்கு, சஸ்கச்சுவானுக்குப் போவினமோ எண்டு கனபேர் கேட்டவை, அதுக்குக் காரணம் இருக்கு, அதில இருந்தே துவங்கிறன்.

போன சித்திரை அம்மா குளியலறையில வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிஞ்சு போச்சு. அடுத்த நாளே ஒப்பரேசன், 11 நாள் ஆஸ்பத்திரி. வீட்ட கூட்டிக்கொண்டு வரேக்க நாங்கள் கட்டினது அம்புலன்சுக்கு 45 டொலரும் கார் பார்க்கிங் காசும் தான். அம்மாவுக்கு 81 வயசு, கட்டில்ல படுத்துக்கொண்டு கேட்டா, "பிள்ளை, இவ்வளவுக்கும் ஆர் காசு கட்டினது?" அரசாங்கம் அம்மா எண்டன். "எந்த அரசாங்கம் தானாக் குடுக்கும்? ஆரோ ஒருத்தன் முதல்ல கேட்டிருப்பான், அவன் ஆர்?" எண்டா. 35 வருசமா இந்த நாட்டில இருக்கிறன், ரெண்டு பிள்ளையளை இஞ்ச பெத்திருக்கிறன், ஆனா அந்தக் கேள்விக்கு என்னட்ட மறுமொழி இருக்கேல்லை. பிறகு தேடிப் படிச்சன். அவற்ர பேர் ரொமி டக்ளஸ். 2004 இல சி.பி.சி. தொலைக்காட்சி நாடு முழுக்க வாக்கெடுப்பு வைச்சு மிகச் சிறந்த கனேடியர் ஆர் எண்டு கேட்டபோது சனம் தெரிஞ்சது இவரைத்தான். ஒரு பப்ரிஸ்ற் சேர்ச் போதகர். பிரசங்க மேடையில இருந்து இறங்கி நாடாளுமன்றத்துக்குப் போனவர். அந்தாள் நடந்த இடமெல்லாம் ஒருக்காப் போய்ப் பாக்கவேணும் எண்டு எனக்குள்ள அப்பவே முடிவாயிட்டுது, இவரும் (என்ர மனுசன்) சரி எண்டிட்டார்.

ஏன் வின்னிபெக்கில துவங்கிறன் எண்டால் எல்லாம் இஞ்ச ஒரு ஆஸ்பத்திரிக் கட்டில்ல தான் துவங்கினது. 1904 இல ஸ்கொட்லாந்தில ஃபோல்கேர்க் எண்ட ஊரில பிறந்தவர், 1910 இல குடும்பத்தோட இஞ்ச வந்தவை, தகப்பன் இரும்பு வார்ப்புத் தொழிலாளி. ஊரில இருக்கேக்க விழுந்து முழங்காலடியில காயம் பட்டு அது எலும்புக்குள்ள சீழ்பிடிச்ச வருத்தமா மாறிட்டுது. ஒப்பரேசன் மேல ஒப்பரேசன், மாறேல்லை. வின்னிபெக்கில தர்ம வார்ட்டில கிடக்கிற பெடியன், காலை எடுக்கத்தான் வேணும் எண்டு சொல்லியாச்சு, தாய் தகப்பனிட்ட வேற டொக்டரைக் காட்ட காசில்லை. அந்த நேரம் ஒரு எலும்பு சத்திரசிகிச்சை நிபுணர் வார்ட்டால போறவர் இந்தப் பெடியனைப் பாத்து, என்ர மாணவர்கள் நிண்டு பாக்க விட்டால் நான் காசில்லாமச் செய்யிறன் எண்டு கேட்டிருக்கிறார். தாய் தகப்பன் ஓம் எண்டினம். கால் தப்பிச்சுது.

பிற்காலத்தில ரொமி இதைத் திருப்பித் திருப்பிச் சொல்லுவாராம். அந்த டொக்டருக்கு நன்றி சொல்லிப்போட்டு அதோட நிக்கமாட்டார். என்ர கால் தப்பினது ஒரு டொக்டர் தற்செயலா அந்தப் பக்கம் வந்ததால, வராமல் விட்டிருந்தால்? பணக்கார வீட்டுப் பிள்ளையெண்டால் இந்தத் தற்செயலுக்குக் காத்திருந்திருக்குமா? இதுதான் அவற்ர கேள்வி. எனக்கு இதில பிடிச்சது என்னெண்டால், அதிர்ஷ்டம் தனக்கு வாய்ச்ச உடன மனுசர் அதை ஆண்டவன்ர அருள் எண்டு எடுத்துக்கொண்டு போய்விடுவினம், இந்தாள் போதகராய் இருந்தும் அப்பிடி எடுக்கேல்லை, வாய்க்காத மற்றப் பிள்ளையளைத் தான் நினைச்சிருக்கிறார்.

பின்னேரம் மெயின் ஸ்ட்ரீட்டுக்குப் போனாங்கள். பன்ரேஜஸ் தியேட்டருக்கு முன்னால ஒரு ட்ராம் வண்டி பாதி நிலத்துக்குள்ள சரிஞ்சு புதைஞ்ச மாதிரி இரும்பில செய்து வைச்சிருக்கினம். 1919 பொது வேலைநிறுத்தத்தின்ர ஞாபகச் சின்னம், 100 வருச நிறைவுக்கு வைச்சது. 30,000 தொழிலாளர் 6 கிழமை வேலைக்குப் போகாமல் நிண்ட போராட்டம். ஜூன் 21 சனிக்கிழமை குதிரைப் பொலிஸ் வந்து சுட்டதில ரெண்டு பேர் செத்தவை. 14 வயசு ரொமி ஒரு கூட்டாளியோட கூரையில ஏறி நிண்டு அதைப் பாத்திருக்கிறார். நான் நிமிர்ந்து அந்த வரிசைக் கட்டடங்களின்ர கூரைகளையே பாத்துக்கொண்டு நிண்டன். 14 வயசில சூடு பட்டு மனுசர் விழுகிறதைக் கண்ட பிள்ளை பிறகு எப்பிடி வளரும் எண்டது எங்களுக்கு ஆரும் சொல்லித்தரத் தேவையில்லை.

இன்னொண்டு. அந்த வேலைநிறுத்தத்தில கைதானவர்களில ஒருத்தர் ஜே.எஸ். வூட்ஸ்வேர்த், மெதடிஸ்ற் போதகர். வேலைநிறுத்தக்காரரின்ர பேப்பரை நடத்தினவர், அதில பைபிளில ஏசாயா தீர்க்கதரிசி சொன்னதை எடுத்துப் போட்டதும் அவர்மேல வைச்ச தேசத்துரோகக் குற்றச்சாட்டில ஒண்டு. ஏழையளுக்கு அநியாயச் சட்டம் எழுதிறவனுக்கு ஐயோ எண்டு வாற வசனம் அது. 1921 இல வின்னிபெக் சனம் அவரை ஒட்டாவாவுக்கு எம்.பி.யா அனுப்பிச்சுது. அங்க ஒரு சிறுபான்மை அரசு தடுமாறினபோது அவர் தன்ர வாக்குக்குக் கேட்ட விலை வயோதிபர் பென்சன். 1927 இல சட்டமாச்சு, 70 வயசுக்கு மேற்பட்ட ஏழையளுக்கு மாசம் 20 டொலர். வின்னிபெக்கின்ர வடக்குப் பக்கம் வந்தேறு குடிகளுக்கு அவர் நடத்தின மிஷனுக்குச் சின்னன்ல ரொமியும் போய் வந்தவர்.

நாள் 2, ஜூன் 28, பிராண்டன்

வின்னிபெக்கில இருந்து மேற்கால ஒரே நேர் ரோட்டு. ரெண்டு மணித்தியாலம் ஓடினாலும் வளைவு ஒண்டில்லை, வானம் மட்டும் பெரிசாகிக்கொண்டு வருது. இடையில கார்பெரி எண்ட ஊருக்குள்ள இறங்கி ஒரு தேத்தண்ணி குடிச்சம். கல்லூரி மாணவரா இருக்கேக்க ரொமி வார இறுதியில பிரசங்கத்துக்கு வந்த ஊர் இது, ஏர்மா டெம்சி எண்ட பிள்ளையைச் சந்திச்சதும் இஞ்ச தான், 1930 இல கலியாணம்.

பிராண்டன் கல்லூரி இப்ப பல்கலைக்கழகம். பழைய செங்கல் கட்டடம் அப்பிடியே வடிவா வைச்சிருக்கினம். ரொமி 1924 இல இருந்து 1930 வரைக்கும் இஞ்ச படிச்சவர். அதுக்கு முதல் அச்சகத்தில வேலை பழகினவர், லைனோரைப் மெசின்ல எழுத்துக் கோத்தவர். அதோட 1922, 1923 ரெண்டு வருசமும் மனிற்றோபா மாகாண லைற்வெயிற் குத்துச்சண்டை சாம்பியன். அதே கால், வெட்டப் பாத்த கால்!

அச்சகம் எண்ட உடன இவருக்கு முகம் மாறிட்டுது. இவர் 80களில யாழ்ப்பாணத்தில ஒரு அச்சகத்தில கொம்போசிற்றரா இருந்தவர், ஈய எழுத்தை ஒவ்வொண்டாப் பொறுக்கி அடுக்கிறது. "வாசிக்கிறவனை விட கோக்கிறவனுக்குத் தான் செய்தி முதல் தெரியும், அதுவும் தலைகீழா" எண்டு சொல்லுவார். ரொமியோட ஒரே வகுப்பில 1930 இல முடிச்ச ஸ்ரான்லி நோல்ஸும் அச்சுக்கோத்து உழைச்சவர் தான், அவரும் போதகராகி பிறகு எம்.பி.யானவர். 1942 இல வூட்ஸ்வேர்த் செத்த பிறகு அதே வின்னிபெக் தொகுதியில வெண்டது இந்த நோல்ஸ். ஒரு போதகர் விட்ட கதிரையில இன்னொரு போதகர். பென்சனைக் கூட்டு, கூட்டு எண்டு வாழ்நாள் முழுக்க நச்சரிச்ச மனுசன், நாடாளுமன்ற விதிமுறையில அவரை மிஞ்ச ஆளில்லை. 1984 இல அவர் ஓய்வு பெறேக்க சபைக்குள்ள எழுத்தர் மேசையில ஆயுள் முழுக்க இருக்க இடம் குடுத்தவை. மாணவர் சங்கக் கட்டடத்துக்கு ரெண்டு பேரின்ர பேரையும் சேர்த்து வைச்சிருக்கினம், இவர் அதுக்கு முன்னால நிண்டு படம் எடுத்தார், வழமையா படத்துக்கு நிக்கவே மாட்டார்.

நாள் 3, ஜூன் 29, பீன்ஃபெயிட், எஸ்தவான்

எல்லை தாண்டினதும் மணிக்கூட்டை 1 மணித்தியாலம் பின்னுக்கு மாத்த வேணும், சஸ்கச்சுவான்காரர் கோடைக்கு நேரம் மாத்திறதில்லை. கனோலா அப்பதான் மஞ்சள் பூக்கத் துவங்கியிருக்கு, வயலுக்கு நடுவில எண்ணெய் இறைக்கிற பம்புகள் தலையை ஆட்டிக்கொண்டு நிக்குது.

பீன்ஃபெயிட் சின்ன ஊர். பிரெஞ்சுப் பேர், நல்ல காரியம் எண்டு அர்த்தம், ஊர்ச்சனம் உச்சரிக்கிறது பீன்ஃபெயிட் எண்டு தான். இது நிலக்கரி ஊர். 1931 இல சுரங்கத் தொழிலாளர் கூலிக்காகவும் சங்கத்துக்காகவும் வேலையை நிப்பாட்டினவை. செப்டெம்பர் 29 பெண்சாதி பிள்ளையளையும் ஏத்திக்கொண்டு இஞ்ச இருந்து எஸ்தவானுக்கு ஊர்வலம் போகேக்க பொலிஸ் மறிச்சு சுட்டதில மூண்டு பேர் செத்தவை.

அவையைச் சவக்காலையில ஒண்டாப் புதைச்சிருக்கினம். தேடிப் பிடிச்சுப் போனாங்கள். ஆள் நடமாட்டம் இல்லை, காத்து மட்டும். கல்லில மூண்டு பேர்: பீற்றர் மார்குனாஸ், நிக் நார்கன், ஜூலியன் கிறிஷ்கோ. எல்லாம் கிழக்கு ஐரோப்பாவில இருந்து பிழைக்க வந்த ஆக்கள். அதுக்குக் கீழ 1931 இல எஸ்தவானில ஆர்.சி.எம்.பி.யால கொல்லப்பட்டவர்கள் எண்டு வெட்டியிருக்கு. ஆர்.சி.எம்.பி. எண்டால் கனடாவின்ர மத்திய பொலிஸ், அந்தப் பேரை ஆரோ அழிக்க, ஆரோ திரும்பத் தீட்ட, பிறகும் அழிக்க எண்டு வருசக்கணக்கா நடந்திருக்கு. இவர் குந்தியிருந்து அந்த நாலு எழுத்தையும் விரலால தடவிப் பாத்தார். மற்ற எழுத்துகளை விட அந்த இடம் சொரசொரப்பா இருக்கு எண்டார். பிறகு கனநேரம் கதைக்கேல்லை. எங்கட ஊரிலயும் கல்லில பேர் அழிச்ச கதை இருக்குத்தானே, எழும்பி வந்து காரில ஏறினம்.

இந்த வேலைநிறுத்த நேரத்தில தான் வேய்பேர்ன் எண்ட ஊருக்கு வந்து ஒரு வருசம் ஆன இளம் போதகர் ரொமி, சபைச் சனத்திட்ட சாப்பாட்டுச் சாமான் சேர்த்துக்கொண்டு இஞ்ச தொழிலாளர் குடும்பங்களுக்குக் கொண்டு வந்து குடுத்தவர். 26 வயசு. இதெல்லாம் போதகர் செய்யிற வேலையில்லை எண்டு முணுமுணுத்த ஆக்களும் இருந்திருப்பினம், ஊர் எண்டால் அப்பிடித்தானே. ஆனா பசிச்ச வீட்டுக்கு மாவும் கிழங்கும் கொண்டு போறதை விட வேற என்ன பிரசங்கம் இருக்கு எண்டு எனக்குத் தெரியேல்லை.

எஸ்தவானில நிக்கிறம். கால் வலிக்குது, மிச்சம் நாளைக்கு.

நாள் 4, ஜூன் 30, கிறிஃபின், வேய்பேர்ன்

இண்டைக்கு எழுதிறது நீண்டு போகும், பொறுத்துக்கொள்ளுங்கோ.

வேய்பேர்னுக்குப் போக முதல் நேர் வழியை விட்டு விலகி கிறிஃபின் எண்ட சின்னஞ்சிறு கிராமத்துக்குப் போனாங்கள். சுற்றுலாப் புத்தகம் எதிலயும் இந்த ஊர் இல்லை. நான் இந்தப் பயணம் வெளிக்கிட்டதே இதுக்காகத்தான் எண்டும் சொல்லலாம். ரொமி ஒரு இடத்தில சொல்லியிருக்கிறார், போதகரா இருந்த காலத்தில கிறிஃபினில ஒரு இளம் மனுசனையும் பாங்மனில இன்னொரு இளம் மனுசனையும் அடக்கம் பண்ணினதாக. ரெண்டு பேருக்கும் 30 சொச்சம் வயசு, சின்னப் பிள்ளையள். கிட்டடியில டொக்டர் இல்லை, நல்ல வைத்தியம் பாக்கக் காசும் இல்லை, செத்துப் போச்சினம். ஊர் ஆக்கள் சாதாரணப் பலகையில அடிச்ச பெட்டியில தான் ரெண்டு பேரையும் புதைச்சதாம்.

இதை முதல்தரம் வாசிச்ச அண்டிரவு எனக்கு நித்திரை வரேல்லை. எங்கட ஐயா 1991 இல செத்தவர், 46 வயசு, சலரோகம். அப்ப யாழ்ப்பாணத்துக்கு மருந்து வராது, கரண்ட் இல்லை. ஆரோ வன்னியால கொண்டு வந்து தந்த ரெண்டு குப்பி இன்சுலினை அம்மா புது மண்முட்டியில ஈரமணல் போட்டு அதுக்குள்ள வைச்சு, நாளுக்கு ரெண்டு தரம் தண்ணி தெளிச்சுக் காத்தவா எண்டு பிறகு கடிதத்தில தான் நான் அறிஞ்சன். குப்பி முடிஞ்ச பிறகு 19 நாள் இருந்தவர். பெட்டி வாங்க ஏலாது, பக்கத்து வீட்டு அண்ணை தன்ர மாட்டுக்கொட்டில் பலகையைக் கழட்டித் தந்தவர். நான் அப்ப ரொறன்ரோவில, மடியில கைக்குழந்தை, ஒரு சதமும் கட்டாமல் பெத்த பிள்ளை.

கிறிஃபினுக்கு வெளியால சவக்காலை ஒண்டில நிண்டனாங்கள். பேர் தேடிப் போகேல்லை. காலமை எஸ்தவானில வாங்கின பூவை வாசல் கம்பிக்குப் பக்கத்தில வைச்சுக் கும்பிட்டன். நான் சைவம், அவை கிறிஸ்தவம், அந்த இடத்தில அது ஒண்டும் நினைவில வரேல்லை.

பிறகு வேய்பேர்ன். 1930 இல ரொமி இஞ்ச கல்வாரி பப்ரிஸ்ற் சேர்ச்சுக்குப் போதகரா வந்தவர். வந்த நேரம் பாருங்கோ. 1 டொலருக்கு மேல வித்த ஒரு புசல் கோதுமை 1932 இல 40 சதத்துக்கும் கீழ, மழை இல்லை, மண் புழுதியாப் பறக்குது, மிச்சத்தை வெட்டுக்கிளி திண்டிட்டுது. சனம் நிவாரணத்தில. சேர்ச்சுக்குக் கீழ உடுப்பும் சாப்பாடும் சேர்த்து வைச்சுக் குடுத்திருக்கிறார். கிழக்குக் கடற்கரை மாகாணங்களில இருந்து ரயிலில உப்புப்போட்டுக் காய்ஞ்ச கொட் மீன் அனுப்பினவையாம், கடலையே காணாத பிரெய்ரிச் சனத்துக்கு அதை ஊறப்போட்டு உப்பெடுத்துச் சமைக்கத் தெரியேல்லை. எங்கட அம்மா மாதிரி ஒரு ஆள் அப்ப இஞ்ச இருந்திருந்தால் ஒரு கறுத்தக் கறி வைச்சுக் காட்டியிருப்பா எண்டு இவர் சொன்னார், எனக்கு அதைக் கேட்க அழுகை தான் வந்துது.

அந்தச் சேர்ச்சைப் பிறகு அப்பிடியே கிளப்பி ஆத்தங்கரைப் பக்கம் கொண்டு வந்து வைச்சு கலை நிகழ்ச்சி நடக்கிற மண்டபமா மாத்தியிருக்கினம். மரக்கட்டடம், பெரிசில்லை. எங்கட ஊர் வாசிகசாலை அளவெண்டு சொன்னால் விளங்கும். கிட்டவே அவற்ர சிலை, 2010 இல பேரன் கீஃபர் சதர்லண்ட் வந்து திறந்து வைச்சது. அந்த நடிகர் ரொமியின்ர மகளின்ர மகன் எண்டது எனக்கு இந்தப் பயணத்துக்கு ஆயத்தப்படுத்தேக்க தான் தெரியும். சிலை உயரத்தில இல்லை, மனுசர் நிக்கிற நிலத்திலயே நிக்குது, ஆளும் கட்டை. கையைப் பிடிச்சுப் பாத்தன், வெயிலுக்குச் சுட்டுது.

1934 இல மாகாணத் தேர்தலில நிண்டு தோத்தவர். அரசியல் போதும், வேற ஊர் சபைக்குப் போவம் எண்டு யோசிச்சுக்கொண்டு இருக்கேக்க, சபை மேலதிகாரி ஒருத்தர் வந்து சொல்லியிருக்கிறார், இனித் தேர்தலில நிண்டியெண்டால் கனடாவில எந்தச் சேர்ச்சும் உனக்குக் கிடையாது எண்டு. அப்பிடியெண்டால் சி.சி.எஃப். கட்சிக்கு (வூட்ஸ்வேர்த் தலைமையில இருந்த இடதுசாரிக் கட்சி) நீங்களே இப்ப ஒரு வேட்பாளரைக் குடுத்திட்டீங்கள் எண்டு ரொமி திருப்பிச் சொன்னாராம். 1935 ஒக்ரோபர், 300 சொச்ச வாக்கு வித்தியாசத்தில வேய்பேர்ன் எம்.பி. வூட்ஸ்வேர்த் தலைமையில சபையில இருந்த ஒரு கைப்பிடி சி.சி.எஃப். ஆக்களில இவரும் ஒருத்தர்.

இதில நான் மறைக்க விரும்பாத ஒண்டும் இருக்கு. 1933 இல ரொமி மக்மாஸ்ரர் பல்கலைக்கழகத்துக்கு எழுதின முதுமாணி ஆய்வு, மனவளர்ச்சி குறைஞ்ச, ஏழைக் குடும்பங்களைப் பற்றினது, அதில அப்பிடியான ஆக்களுக்குப் பிள்ளை பிறக்காமல் ஒப்பரேசன் செய்யலாம் எண்டு சிபாரிசு செய்திருக்கிறார். அந்தக் காலத்தில கனபேர் அப்பிடி நினைச்சவை தான், பக்கத்து அல்பேர்ட்டாவில சட்டமே இருந்தது, ஆனாலும் வாசிக்க நெஞ்சு பதறுது. வேய்பேர்னில பெரிய மனநல ஆஸ்பத்திரி 1921 இல இருந்து இருந்தது, 2009 இல இடிச்சிட்டினம், அந்த வெறும் மேட்டில நிண்டு இதைத்தான் நினைச்சன். 1936 இல அவர் ஜேர்மனிக்குப் போய் நாசிகளைக் கண்ணால கண்டவர், வந்த பிறகு அந்தக் கதையைக் கையால தொடேல்லை. பிரீமியர், அதாவது சஸ்கச்சுவான் மாகாண முதல்வர் ஆன பிறகு கருத்தடைச் சட்டம் கொண்டுவரச் சொல்லி யோசனை வந்தபோது மறுத்து, அந்த ஆக்களுக்குத் தொழில் பயிற்சியும் சிகிச்சையும் குடுக்கிற பக்கம் போனார். பிழையா நினைச்சவர், பிறகு அதிகாரம் கையில வந்த நேரம் அந்தப் பிழையைச் செய்யேல்லை. ரெண்டையும் சேர்த்துத் தான் நான் இந்தாளை மதிக்கிறன்.

நாள் 5, ஜூலை 1, பாங்மன் ஊடா ரெஜைனா

காலமை மேற்கால பாங்மனுக்குப் போய், அங்கயும் கொஞ்சநேரம் நிண்டிட்டு, அப்பிடியே வடக்கால மாகாணத் தலைநகர் ரெஜைனா. இண்டைக்குக் கனடா தினம், வஸ்கானாப் பூங்காவில சனம் நெரியுது, பிள்ளையள் கன்னத்தில மேப்பிள் இலை வரைஞ்சுகொண்டு திரியுதுகள்.

ரெஜைனாவில ஜூலை 1 க்கு வேற ரெண்டு கதை இருக்கு. 1935 இல வேலையில்லாத இளம் ஆக்கள் சரக்கு ரயில் கூரையில ஏறி ஒட்டாவாவுக்கு நியாயம் கேட்கப் போகேக்க இஞ்ச மறிச்சு, ஜூலை 1 பின்னேரம் பொலிஸ் பாய்ஞ்சு கலவரமாச்சு. ரொமி முதல்தரம் எம்.பி.யா வந்தது அதுக்கு மூண்டு மாசத்தால.

மற்றது 1962. அதுக்கு முன்கதை கொஞ்சம். 1944 இல ரொமி ஒட்டாவாவை விட்டு வந்து மாகாணத் தேர்தலில 52 இடத்தில 47 ஐப் பிடிச்சு பிரீமியர் ஆனவர். சுகாதார அமைச்சையும் தானே எடுத்தார். 1947 ஜனவரி 1 இல இருந்து ஆஸ்பத்திரிக் காப்புறுதி, வருசத்துக்கு ஆளுக்கு 5 டொலர், குடும்பத்துக்கு ஆகக்கூடினது 30 டொலர், ஆஸ்பத்திரியில படுத்தால் பில் இல்லை. ஆனா டொக்டரிட்ட போறதுக்கும் காசில்லாமல் செய்யவேணும் எண்டது தான் அவற்ர முழு எண்ணம், அதுக்கு இன்னும் 15 வருசம் பொறுத்தவர், முதல்ல கடனைக் கட்டி, கஜானாவை நேராக்கி. இது தான் எனக்கு ஆச்சரியம், மேடையில கொதிக்கிற பிரசங்கி, கணக்குப் புத்தகத்தில செட்டியார் மாதிரி. சட்டம் 1961 இல வந்தது, அதுக்குள்ள அவர் சி.சி.எஃப். மாறிப் புதுசா உருவான என்.டி.பி. கட்சிக்குத் தேசியத் தலைவராகப் போயிட்டார், நடைமுறைப்படுத்தின பாரம் அடுத்த பிரீமியர் வூட்ரோ லொயிட்டின்ர தலையில. 1962 ஜூலை 1 மெடிகெயர் எண்ட இந்த டொக்டர் காப்புறுதி துவங்க, அண்டைக்கே மாகாண டொக்டர்மார் பெரும்பாலும் வேலையை நிப்பாட்டினவை. 23 நாள். பிரித்தானியாவில இருந்து டொக்டர்மாரைக் கூப்பிட்டவை, சனம் தாங்களே சேர்ந்து கிளினிக் திறந்தவை. ஜூலை 11 இந்தச் சட்டசபைக்கு முன்னால திட்டத்தை எதிர்த்துப் பெரிய கூட்டம் எண்டு 40,000 பேரை எதிர்பார்த்த இடத்தில 4,000 பேரளவில தான் வந்தவை. 23 ஆம் திகதி உடன்பாடு.

மெடிகெயர் துவங்க ரெண்டு கிழமை முதல், ஜூன் 18, ரொமி இதே ரெஜைனாவில எம்.பி. தேர்தலில நிண்டு தோத்தவர். தோற்கடிச்சது அவருக்கு அவ்வளவு பழக்கமான சனம், மெடிகெயர் பயம் தான் காரணம். பிறகு பிரிட்டிஷ் கொலம்பியாவில ஒரு தொகுதியில நிண்டு திரும்ப ஒட்டாவாவுக்குப் போய், 1979 வரைக்கும் இடையில ஒருக்காத் தோத்தும் எம்.பி.யா இருந்தவர். 1966 இல பிரதமர் பியர்சன் அரசு நாடு முழுக்கவுமான மருத்துவக் காப்புச் சட்டத்தைக் கொண்டுவந்து, 1972 க்குள்ள எல்லா மாகாணமும் சேர்ந்திட்டுது.

1970 ஒக்ரோபரில கியூபெக்கில ஆள்கடத்தல் நடந்து பிரதமர் பியர் ட்ரூடோ அரசு யுத்தகாலச் சட்டத்தைக் கொண்டு வந்தபோது, நிலக்கடலை உடைக்கச் சம்மட்டி எடுக்கிறீங்கள் எண்டு எதிர்த்து நிண்டவரும் இவர்தான். வாக்கெடுப்பு 190 க்கு 16. நாடு முழுக்க அவருக்கு எதிரா நிண்ட நேரம் அது. பிடியாணை இல்லாமல் ஆக்களைப் பிடிச்சு அடைக்கிறது எண்டால் என்னெண்டு அவசரகாலச் சட்டத்துக்குள்ள வளர்ந்த எங்களுக்கு விளங்கும், அந்த 16 இல நிக்கிறதுக்கு எவ்வளவு நெஞ்சுரம் வேணும் எண்டதும். இப்பிடிப்பட்ட ஆளைப் பற்றி ஆர்.சி.எம்.பி. ரகசியமா 1,100 பக்கத்துக்கு மேல கோப்பு சேர்த்து வைச்சிருந்தது. பீன்ஃபெயிட் கல்லில அழிஞ்சு அழிஞ்சு வாற அதே நாலு எழுத்து.

பின்னேரம் அவற்ர பேரில இருக்கிற ரி.சி. டக்ளஸ் கட்டடத்துக்குப் போனம், சுகாதார அமைச்சும் ஓவிய காட்சியகமும் அதுக்குள்ள தான். லீவு நாள், அலுவலகப் பக்கம் பூட்டு. கண்ணாடியால உள்ளுக்குப் பாத்திட்டு படியில இருந்து பாணும் மீன்ரின் சம்பலும் சாப்பிட்டனாங்கள், ஹோட்டல் அறையில காலமை கட்டினது.

அப்ப அம்மா எடுத்தா. கேட்ட கேள்விக்கு மறுமொழி சொல்லுவம் எண்டு போதகர், கால், கிறிஃபின் எல்லாத்தையும் ஒண்டு விடாமல் சொன்னன். கடைசிவரை குறுக்கிடாமல் கேட்டா. பலகைப் பெட்டியைச் சொன்ன இடத்தில மட்டும் கொஞ்சநேரம் சத்தமில்லை. பிறகு கேட்டா, "அந்தத் தாய்க்காரி, டொக்டர் மாணவரைக் கொண்டு வரவோ எண்டு கேட்க ஓம் எண்டவளே, அவளின்ர பேரென்ன?"

ஆன் எண்டன்.

"ஆன்" எண்டு ஒருக்காச் சொல்லிப் பாத்தா. பிறகு, "பிள்ளை, இண்டைக்கு நான் வோக்கரைப் பிடிச்சுக்கொண்டு தனிய முத்தத்துக்கு இறங்கினனான். கறிவேப்பிலை தளைச்சுக் கிடக்கு, தொட்டி காணாது, நீ வந்து பெரிய தொட்டிக்கு மாத்து" எண்டா.